பெனால்டி பாயிண்ட்ஸை இன்சூரன்ஸிடம் மறைக்காதீர்கள்

வேகமாக ஓட்டி கேமராவில் பிடிபட்டு, 100 பவுண் தண்டம் கட்டி, லைசென்ஸில் 3 பாயிண்ட்ஸும் ஏறிவிட்டது. அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் பிரித்தானியாவில் கார் ஓட்டும் நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். கோர்ட்டுக்கே போகவில்லையே, இதை எதற்குச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. தபாலில் வந்த தண்டமானாலும், பாயிண்ட்ஸ் ஏறியிருந்தால் இன்சூரன்ஸ் கம்பனி கேட்கும்போது சொல்லியே ஆகவேண்டும். கைபேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டி 6 பாயிண்ட்ஸ் வாங்கியவருக்கும் இதே விதிதான்.

அதிகம் பேர் தடுக்கி விழுவது வருடக் கணக்கில். வேகக் குற்றம் போன்றவற்றின் பாயிண்ட்ஸ் 4 வருடம் லைசென்ஸ் பதிவில் இருக்கும். அதன் பிறகு, லைசென்ஸ் கொடுக்கும் அரசு அமைப்பான டிவிஎல்ஏயின் தளத்தில் பார்த்தால் பதிவு சுத்தமாகத் தெரியும். அதைப் பார்த்து ‘இல்லை’ என்று பதில் போட்டுவிடுகிறார்கள். ஆனால் கம்பனிகள் பொதுவாகக் கேட்பது கடந்த 5 வருடக் கணக்கை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1974ஆம் ஆண்டின் குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டப்படி, 18 வயது தாண்டியவருக்கு லைசென்ஸில் ஏறிய குற்றம் காலாவதியாக, அதாவது இன்சூரன்ஸுக்குச் சொல்லத் தேவையில்லாமல் போக, 5 வருடமாகும். ஆகவே அந்த ஐந்தாவது வருடம்தான் ஆபத்தானது: லைசென்ஸில் இருக்காது, சொல்ல வேண்டிய கடமை இருக்கும்.

குடித்துவிட்டு ஓட்டிய குற்றத்தில் கதை தலைகீழ். பதிவு 11 வருடம் லைசென்ஸில் கிடக்கும். ஆனாலும் 5 வருடம் கழிந்து காலாவதியான பிறகு, சாதாரண கார் இன்சூரன்ஸுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. இது தெரியாமல் வருடக்கணக்காகக் கூடுதல் பணம் கட்டுபவர்களும் உண்டு.

விலை ஒப்பிடும் தளங்களில் கவனம் தேவை. போன வருடம் கொடுத்த விவரங்களே மறுபடி நிரம்பி நிற்கும். இடையில் வாங்கிய பாயிண்ட்ஸ் அதில் இருக்காது. புதுப்பிக்கும் நேரத்தில் ‘விவரங்கள் சரியா, மாற்றம் உண்டா’ என்று கடிதம் வரும். பதில் போடாமல் விட்டால் அதையும் தவறான தகவலாகச் சட்டம் கொள்ளலாம். மனைவியையோ மகனையோ பாலிசியில் சேர்த்திருந்தால் அவர்களுடைய பாயிண்ட்ஸும் கணக்கில் வரும். மகன் வீட்டில் சொல்லாமல் வைத்திருக்கக்கூடும், அவனிடம் நேராகவே கேட்டுவிடுங்கள். பாலிசி நடக்கும்போதே பாயிண்ட்ஸ் கிடைத்தால் உடனே சொல்ல வேண்டுமா, புதுப்பிக்கும்போது சொன்னால் போதுமா என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும். பாலிசியை எடுத்து வாசித்துப் பாருங்கள்.

யாருக்குத் தெரியப்போகிறது என்ற எண்ணமும் வேண்டாம். லைசென்ஸ் இலக்கத்தைக் கொடுத்தால் டிவிஎல்ஏ பதிவை நேராகவே பார்க்கும் மைலைசென்ஸ் என்ற வசதி கம்பனிகளிடம் இருக்கிறது. விபத்து நடந்து பணம் கேட்கும்போது இன்னும் ஆழமாகத் தோண்டுவார்கள்.

மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை 2012இல் வந்த நுகர்வோர் இன்சூரன்ஸ் சட்டம் சொல்கிறது. வேண்டுமென்றே மறைத்தீர்கள் என்று கம்பனி நிரூபித்தால், பாலிசியையே செல்லாததாக்கி, கட்டிய பணத்தையும் வைத்துக்கொள்ளலாம். கவனக்குறைவு என்றால், உண்மை தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று பார்ப்பார்கள். 800 பவுண் வாங்கியிருக்க வேண்டிய இடத்தில் நீங்கள் 600 கட்டியிருந்தால், 4,000 பவுண் கோரிக்கைக்கு 3,000தான் கிடைக்கும். உங்களுக்கு இன்சூரன்ஸே கொடுத்திருக்க மாட்டார்கள் என்றால் ஒன்றும் கிடைக்காது, பிரீமியம் மட்டும் திரும்பி வரும். எதிர் வண்டிக்காரருக்கும் அடிபட்டவருக்கும் கம்பனி பெரும்பாலும் கொடுத்தே ஆகவேண்டும். ஆனால் அந்தத் தொகையை உங்களிடம் கேட்டு வரலாம். ஒருவர் காலில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் இருந்தால் அது எவ்வளவு பெரிய தொகையாகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பாலிசி செல்லாததாக்கப்பட்டால் அதையும் கேட்கும் கம்பனிகளிடம் பிறகு சொல்ல வேண்டிவரும், பிரீமியமும் எகிறும். டெலிவரி, டாக்ஸி என்று வண்டியை நம்பியே குடும்பம் நடத்துபவருக்கு இது பிழைப்பிலேயே கைவைக்கும் விஷயம். வருடத்துக்குச் சில நூறு பவுண் மிச்சம் பிடிப்பதற்காக இதை வாங்கிக் கட்டிக்கொள்வது கொஞ்சமும் சரியல்ல.

சரி, பாயிண்ட்ஸுக்குப் பதிலாக வேக விழிப்புணர்வு வகுப்புக்குப் போனவர்கள்? அது குற்றத்தீர்ப்பல்ல, பாயிண்ட்ஸும் இல்லை. கம்பனி அதைப் பற்றித் தனியாகக் கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே சொல்லாமல் விட்டிருந்தால் இன்றே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். பிரீமியம் கூடலாம், கம்பனி பாலிசியை நிறுத்தவும் கூடும். அப்படியிருந்தும் விபத்துக்குப் பிறகு தெரியவருவதை விட இது எவ்வளவோ மேல். குற்றம் செய்த திகதி, தீர்ப்பான திகதி, எஸ்பி30 (வேகக் குற்றம்) போன்ற குற்றக் குறியீடு, பாயிண்ட்ஸ் எத்தனை ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கம்பனி கோரிக்கையை நிராகரித்துவிட்டால் அவர்கள் கேட்ட கேள்வியின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். கேள்வி தெளிவில்லாமல் இருந்திருந்தால் அது உங்கள் பக்கம் பலம். முதலில் கம்பனியிடம் முறைப்பாடு செய்யுங்கள். 8 வாரத்தில் தீர்வு வராவிட்டாலோ, வந்த இறுதிப் பதில் சரியில்லாவிட்டாலோ, இப்படியான முறைப்பாடுகளை நடுநிலையாக விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். செலவில்லை. இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும்.