‘எல்லாருக்கும் வர்றதுதான்’ என்று சொல்லும் டாக்டரிடம் எப்படிப் பேசுவது

"டாக்டர், பீரியட்ஸ் வர்றதுக்கு முன்னாடி ரொம்ப டென்ஷனா இருக்கு" என்று சொல்லிக்கொண்டு போய் உட்கார்ந்தால், காரைக்குடியோ தேவகோட்டையோ, பெரும்பாலும் கிடைப்பது ஒரு சத்து மாத்திரைச் சீட்டும் "எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதாம்மா" என்ற பதிலும்தான். கல்யாணம் ஆகாதவள் என்றால் "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்பது இலவச இணைப்பு. சாயந்தர ஓ.பி.யில் வாசல் வரை கூட்டம் நிற்கும்போது ‘டென்ஷன்’ என்ற சொல்லை வைத்து டாக்டரும் என்ன செய்வார்? அவருக்குத் தேதி வேண்டும், எந்த வேலை கெட்டது என்று தெரிய வேண்டும். அதைக் கையில் எழுதிக்கொண்டு போங்கள்.

முதலில், இது நிஜமான நோய். பெயர் பி.எம்.டி.டி. (ப்ரீமென்ஸ்ட்ருவல் டிஸ்ஃபோரிக் டிஸார்டர், பீரியட்ஸுக்கு முன்னால் மனசைக் கடுமையாகப் பாதிப்பது). அமெரிக்க மனநல மருத்துவர்களின் டி.எஸ்.எம். கையேட்டில் 2013 முதல் முழு நோயாகவே இருக்கிறது, உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 பட்டியலிலும் இருக்கிறது. வயிறு உப்புவது, மார்பு வலிப்பது, கொஞ்சம் சிடுசிடுப்பது எல்லாம் நிறையப் பேருக்கு வரும். இது வேறு: பீரியட்ஸுக்கு முந்தின ஒரு வாரமோ அதற்கும் மேலோ தாங்க முடியாத கோபம், அழுகை, பயம், "நான் எதுக்கு இருக்கணும்" என்கிற நினைப்பு, உதிரப்போக்கு தொடங்கிய சில நாளில் விளக்கைப் போட்டது மாதிரி எல்லாம் தெளிந்துவிடும். இந்தப் போக்கும் வரவும்தான் அடையாளம்.

அதனால் டாக்டரிடம் போகும் முன் இரண்டு சுழற்சிக்குத் தினமும் குறிப்பு எழுதுங்கள். இந்த நோய்தான் என்று உறுதிசெய்ய டாக்டர்களே இப்படி இரண்டு மாதப் பதிவைத்தான் கேட்பார்கள், அதை நீங்களே முடித்துக்கொண்டு போனால் ஒரு நடை மிச்சம். உதிரப்போக்கு தொடங்கும் நாள்தான் முதல் நாள். ஒவ்வொரு ராத்திரியும் கோபம், அழுகை, பயம், தூக்கம், பசி, உடம்பு வலி என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை மார்க் (1 என்றால் அந்தத் தொந்தரவு இல்லவே இல்லை, 6 என்றால் உச்சம்). பக்கத்தில் ஒரு வரி, நடந்தது மட்டும். இப்படி:

"24ஆம் நாள். கோபம் 6, அழுகை 5, தூக்கம் 4. காபியில் சர்க்கரை குறைவு என்று அத்தை சொன்னதற்கு டம்ளரைச் சுவரில் அடித்தேன். வேலைக்கு லீவு."

"8ஆம் நாள். எல்லாம் 1. முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு வீட்டில் நாள் முழுக்க வேலை, ஒன்றும் தோன்றவில்லை."

அந்த இரண்டாவது வரியை எழுதத்தான் எல்லாரும் சோம்பல்படுவார்கள். ஆனால் நோயைக் காட்டிக்கொடுப்பது நல்ல நாட்கள்தான், அவற்றைக் கட்டாயம் எழுதுங்கள். நல்ல வாரம் என்று ஒன்று வரவே இல்லை, மாதம் முழுக்கச் சோர்வு, கடைசியில் மட்டும் அது அதிகமாகிறது என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள். அது ஏற்கெனவே இருக்கிற மனச்சோர்வு பீரியட்ஸை ஒட்டிக் கூடுவதாக இருக்கலாம், அதற்கும் வைத்தியம் உண்டு, ஆனால் வழி கொஞ்சம் வேறு. அடுக்களைச் சுவரில் தொங்கும் நகைக்கடை காலண்டரில் எழுதாதீர்கள், வளவுக்கு வருகிற போகிற எல்லாரும் படிப்பார்கள். போனிலோ தனி நோட்டிலோ எழுதினால் போதும்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் நினைப்பு வந்தால் மட்டும் இரண்டு மாதமெல்லாம் காத்திருக்கவே கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. ராத்திரி நேரமானால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பார்கள்.

சரி, யாரிடம் போவது? மகப்பேறு மருத்துவரும் பார்க்கலாம், மனநல மருத்துவரும் பார்க்கலாம். லேடி டாக்டர் என்றாலே புரிந்துகொள்வார் என்று நம்பிப் போகவேண்டாம், தனக்கு வலிக்காதது யாருக்கும் வலிக்காது என்று நினைக்கிறவர்கள் அதில்தான் அதிகம் என்பது என் கருத்து. மனநலப் பிரிவு சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் இருக்கிறது. உள்ளூரில் யாராவது பார்த்துப் பெண் கேட்டு வருகிறவர்கள் காதில் போட்டுவிடுவார்கள் என்ற பயம் இங்கே எவ்வளவு பெரிது என்று தெரியும், மதுரைக்குப் போய்வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தெளிவாக இருக்கும் வாரத்தில் போங்கள், கோர்வையாகப் பேச வரும். "பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க" என்பார். "ஆமா டாக்டர், இன்னிக்கு 9ஆம் நாள், 20க்கு மேல எப்படி இருந்தேன்னு இதுல இருக்கு" என்று தாளை நீட்டுங்கள். முதல் வாக்கியமே இப்படி இருக்கட்டும்: "மாசத்துல இத்தனை நாள் வேலைக்குப் போக முடியலை, பீரியட்ஸ் வந்ததும் சரியாயிடுது, இது பி.எம்.டி.டி.யான்னு பார்க்கணும்." அத்தையோ அப்பத்தாவோ கூட வந்தால் டாக்டர் அவர்களைப் பார்த்துத்தான் கேட்பார், அவர்களும் "சின்னப்பிள்ளையிலேயே இவளுக்குக் கோபம் ஜாஸ்தி" என்று ஆரம்பிப்பார்கள். வாசலிலேயே சொல்லிவையுங்கள்: "நான் முடிச்சதும் நீங்க சொல்லுங்க அத்தை." முடிந்தால் கொஞ்ச நேரம் தனியாகப் பேசவேண்டும் என்று டாக்டரிடமே கேளுங்கள்.

தைராய்டு, ரத்தசோகை பார்க்க ரத்தப் பரிசோதனை எழுதுவார், எடுத்துவிடுங்கள். ஆனால் "ஹார்மோன் எல்லாம் நார்மல், உங்களுக்கு ஒண்ணுமில்லை" என்றால் அங்கே விடாதீர்கள். பி.எம்.டி.டி.யில் ஹார்மோன் அளவு நார்மலாகத்தான் இருக்கும், அதன் ஏற்ற இறக்கத்தை மூளை தாங்காததுதான் சிக்கல். அப்போதும் தட்டிக் கழித்தால் மரியாதையாக, "அப்ப இது வேற என்னவா இருக்கும்னு நினைக்கிறீங்க? நான் சொன்னதைச் சீட்டுல எழுதிக் குடுங்க, வேற டாக்டர்கிட்ட காட்டுறேன்" என்று கேளுங்கள். பேனா கையில் வந்ததும் பல பேர் இன்னொரு தடவை யோசிப்பார்கள்.

மருந்து என்று வந்தால் முதலில் ஃப்ளுவாக்செடின், செர்ட்ராலின் வகை எழுதுவார்கள். மனச்சோர்வுக்கு இவை வேலை செய்ய வாரக்கணக்காகும், பி.எம்.டி.டி.க்குச் சில நாளிலேயே பலன் தெரியலாம், அதனால் சுழற்சியின் பின்பாதியில் மட்டும் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. தினமுமா பாதி மாதமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ட்ரோஸ்பிரினோன் என்ற ஹார்மோன் சேர்ந்த கருத்தடை மாத்திரையும் ஒரு வழி, ஆனால் ரத்தக்கட்டி வந்திருந்தாலோ கண் மின்னலோடு ஒற்றைத் தலைவலி வருகிறதென்றாலோ முன்கூட்டியே சொல்லியாகவேண்டும். கர்ப்பம் தரிக்க நினைத்திருந்தால் அதையும்.

மருந்து தொடங்கிய பிறகும் மார்க் போடுவதை நிறுத்தாதீர்கள். அடுத்த தடவை போகும்போது பழைய தாளையும் புதிய தாளையும் சேர்த்துக் காட்டுங்கள், 5 எல்லாம் 2 ஆகியிருந்தால் அதே அளவைத் தொடரச் சொல்வார், ஆகவில்லையென்றால் அளவையோ மருந்தையோ மாற்றச் சொல்லி நீங்களே கேளுங்கள்.