ஸ்லீப்பிலிருந்து எழுந்த கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லையா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

மூடி வைத்த லேப்டாப்பைத் திறக்கிறீர்கள். வீடியோ ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. விண்டோஸில் பலருக்கும் வரும் தொல்லை இது. உடனே ஸ்பீக்கர் போய்விட்டது என்று முடிவுகட்டி சர்வீஸ் கடைக்குக் கிளம்பாதீர்கள். ஸ்லீப்புக்கு முன் ஒழுங்காக வேலை செய்த ஸ்பீக்கர், மூடியிருந்த நேரத்தில் கெட்டுப்போவது அபூர்வம். ஸ்லீப்பில் ஆடியோ சிப்புக்கு மின்சாரம் குறையும் அல்லது அடியோடு நிற்கும். எழுந்ததும் அந்த சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர்தான் அதை மறுபடி தயார்ப்படுத்த வேண்டும். பெரும்பாலும் கோளாறு இந்த இடத்தில்தான்.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு நிமிடம் நிலவரத்தைப் பாருங்கள். ரீஸ்டார்ட் செய்துவிட்டால் தடயமும் போய்விடும். பாட்டு ஒன்றை ஓடவிட்டு, பழைய கண்ட்ரோல் பேனலில் சவுண்ட் என்பதைத் திறந்து, பிளேபேக் டேபுக்குப் போங்கள். ஒவ்வொரு சாதனத்துக்குப் பக்கத்திலும் பச்சைக் கோடுகள் இருக்கும். மானிட்டர் பெயருக்கு நேரே அவை துள்ளினால், சத்தம் எச்டிஎம்ஐ போன்ற மானிட்டர் கேபிள் வழியாக அங்கே போய்க்கொண்டிருக்கிறது. ஸ்பீக்கரை ரைட் கிளிக் செய்து டீஃபால்ட் ஆக்கினால் வேலை முடிந்தது. ஸ்பீக்கருக்கு நேரே துள்ளியும் சத்தம் இல்லையென்றால் சிக்கல் டிரைவரிலோ சிப்பிலோ இருக்கிறது. எதுவுமே துள்ளவில்லையா? பாட்டு ஓடும் ஆப்பையோ விண்டோஸின் ஆடியோ சர்வீஸையோ சந்தேகப்படலாம். ஹெட்போனையும் செருகிப் பாருங்கள். சில லேப்டாப்களில் ஸ்பீக்கருக்கென்று தனி ஆம்ப்ளிஃபயர் சிப் உண்டு. அது மட்டும் எழாமல் போனால் ஹெட்போனில் கேட்கும், ஸ்பீக்கரில் கேட்காது.

அதிகம் பேர் சறுக்குவது அடுத்த இடத்தில். "ஷட் டவுன் பண்ணி ஆன் பண்ணிட்டேன், அப்பவும் வரல" என்பார்கள். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. அது ஆனில் இருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் உள்பகுதியும் டிரைவர்களின் நிலையும் டிஸ்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே ஏற்றப்படும். அதனால் குழம்பிப்போன டிரைவர் அதே குழப்பத்தோடு திரும்பி வரலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஷட் டவுன்தான் வேண்டுமென்றால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே கிளிக் செய்யுங்கள்.

திறந்திருக்கும் வேலையை மூட முடியாத நிலையா? ஸ்டார்ட் மெனுவில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து, விண்டோஸ் ஆடியோவை ரைட் கிளிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், கம்ப்யூட்டரின் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் ஆடியோ சாதனத்தை டிசேபிள் செய்து மறுபடி எனேபிள் செய்யுங்கள். டிரைவர் புதிதாகத் தொடங்கும்.

டிரைவர் விஷயத்தில் அவசரம் ஆபத்து. உங்கள் டிரைவர்கள் பழசாகிவிட்டன என்று மிரட்டும் இலவச அப்டேட்டர்களை இறக்கவே இறக்காதீர்கள். லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் எண்ணைப் பார்த்து, தயாரித்த நிறுவனத்தின் சப்போர்ட் பக்கத்திலிருந்து எடுங்கள்; பொதுவான டிரைவரைவிட அந்த மாடலுக்கென்று அமைத்ததே நம்பகமானது. புது டிரைவர் ஃபைல் கைக்கு வருவதற்கு முன் பழையதை அன்இன்ஸ்டால் செய்ய வேண்டாம். சமீபத்திய அப்டேட்டுக்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது என்றால், டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவருக்குத் திரும்ப உதவும் ரோல் பேக் டிரைவர் பட்டனை அழுத்த முடிகிறதா என்று பாருங்கள். விண்டோஸையே மறுபடி இன்ஸ்டால் செய்வது இதற்குத் தேவையில்லாத வேலை. அதே டிரைவர் மறுபடி வந்து உட்கார்ந்தால் அதே தொல்லைதான்.

ஒவ்வொரு ஸ்லீப்புக்குப் பிறகும் இது வந்தால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஸ்லீப்பில் போட்டு எழுப்பிப் பாருங்கள். நாலைந்தைச் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்றே தெரியாது. அப்புறம், அந்தச் சோதனைக்கு மூடியைச் சில நொடிகள் மட்டும் மூடித் திறப்பது போதாது. சில நிமிடங்களாவது தூங்கவிடுங்கள்.