காணிக்கைப் பவனியில் வரும் பருப்பு வீடு போய்ச் சேர

பல கத்தோலிக்கப் பங்குகளில், திருப்பலி எனும் வழிபாட்டின் நடுவே காணிக்கையைப் பீடத்துக்கு எடுத்துச் செல்லும் காணிக்கைப் பவனியில் உலக உருண்டை, கால்பந்து, பாடப்புத்தகம் எல்லாம் பீடத்தை நோக்கிப் போகின்றன. திருப்பலி முடிந்ததும் கொண்டுவந்தவர் கையிலேயே திரும்பிவிடுகின்றன. திரும்பி வருவது காணிக்கை ஆகாது. கி.பி. 155 வாக்கில் தொடக்கத் திருச்சபை எழுத்தாளரான புனித ஜஸ்டின் ஞாயிறு வழிபாட்டை விவரிக்கும்போது, அங்கே சேர்ந்த காணிக்கை அநாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறைப்பட்டோர், வெளியூரார் ஆகியோருக்குப் போனதையும் அதே மூச்சில் சொல்கிறார். அந்த வழக்கத்தை மாதம் ஒருமுறை மீட்டெடுக்க அன்பியங்களும் (பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழுக்கள்) ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையும் போதும்.

முதலில் பட்டியல், பிறகுதான் வசூல். பொருளைச் சேர்த்துவிட்டு ஆளைத் தேடினால் கோயில் வாசலில் முதலில் வந்தவருக்கே எல்லாம் போகும். படுத்த படுக்கையாய் இருப்பவருக்கு எதுவும் போகாது. இருவர் இருவராக வீடு சந்தியுங்கள். 1833இல் பாரிசில் தொடங்கிய நாளிலிருந்து வின்சென்ட் சபையின் அடிப்படைப் பணியே இந்த வீடு சந்திப்புதான். எத்தனை பேர், யாருக்கு வேலை, யாருக்கு மருந்து, ரேஷன் அட்டை உண்டா என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சாதி, மதம் கேட்க வேண்டாம். புகைப்படமும் வேண்டாம்.

அந்தக் குறிப்பேட்டிலிருந்தே, திருப்பலியில் எல்லாரும் சேர்ந்து வேண்டும் நம்பிக்கையாளர் மன்றாட்டை எழுதலாம். திருச்சபை, நாட்டை ஆள்வோர், துன்புறுவோர், நம் பங்கு என்ற வரிசையில் மூன்றாவதே இதற்குரிய இடம். ‘உலகிலுள்ள ஏழைகளுக்காக’ என்றால் யார் மனதிலும் ஒன்றும் தைக்காது. ‘மழையால் வேலை இழந்த கட்டடத் தொழிலாளருக்காக’ என்றால் தைக்கும். பெயர் சொல்லக் கூடாது. சிறிய ஊரில் ‘நான்காம் தெருவில் வாழும் கைம்பெண்’ என்பதும் பெயர் சொன்னது போலத்தான்.

பொருளில்தான் அதிகம் சொதப்பும். ‘ஆளுக்குக் கொஞ்சம் அரிசி கொண்டு வாருங்கள்’ என்று அறிவித்தால் பச்சரிசி, புழுங்கல், ரேஷன் அரிசி மூன்றும் ஒரே சாக்கில் கலந்துவிடும். ஒன்று குழைந்து ஒன்று வேகாமல் நிற்கும். ஆகவே அன்பியத்துக்கு ஒரு பொருளைப் பிரித்துக் கொடுங்கள்: ஒன்றுக்குத் துவரம்பருப்பு, இன்னொன்றுக்குக் கடலை எண்ணெய், அடுத்ததற்குச் சோப்பு. 30 வீடுள்ள அன்பியம் வீட்டுக்கு அரைக் கிலோ பருப்பு தந்தால் 15 கிலோ சேரும். பட்டியலில் 12 குடும்பம் என்றால் குடும்பத்துக்கு ஒரு கிலோ போக, மூன்று கிலோ திடீர்த் தேவைக்கு மிஞ்சும். அரிசி வேண்டுமென்றால் பணமாகச் சேர்த்து ஒரே ரகமாக வாங்குங்கள். பிடியரிசி (சமைக்கும்போது ஒரு பிடி ஒதுக்கிவைக்கும் அரிசி) எடுக்கும் பங்குகள் வீட்டிலேயே ரகம் பிரித்துத் தரச் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் கிடந்தால் வண்டு விழும்.

இரண்டாம் ஞாயிறு பொருத்தமான நாள். முதல் வாரம் சம்பளம் வந்திருக்கும், வாங்குவோர் வீட்டிலும் இருப்பு குறையத் தொடங்கியிருக்கும். பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் ஏழைகளுக்கான காணிக்கையை அப்ப இரசத்தோடு பவனியாகக் கொண்டுவரத் திருப்பலி நூலே இடம் தருகிறது. அன்றைய பாதம் கழுவும் சடங்கு முடிந்த கையோடு இதைச் செய்வது அழகு. எந்த நாளானாலும் பொருள்களைப் பீடத்தின் மேல் வைக்கக் கூடாது. அதற்கு அப்பால், மக்கள் கண்ணில் படும் இடத்தில் கூடைகள் இருக்கட்டும். எண்ணெய்ப் பாக்கெட்டை அடியில் வைத்தால் கசிந்து பருப்பு வீணாகும்.

அன்று மாலைக்குள் கொண்டு சேர்த்துவிடுங்கள். திருப்பலி முடிந்து படிக்கட்டில் பெயர் கூப்பிட்டுக் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். இல்லாதவரை வெட்கப்படுத்துகிறீர்களா என்று திருத்தூதர் பவுல் கொரிந்து நகரக் கிறிஸ்தவர்களைக் கேட்டது திருவிருந்தைப் பற்றிப் பேசும்போதுதான். சாதாரண மஞ்சள்பையில் வீட்டுக்கே எடுத்துப் போங்கள். நோயாளருக்கு நற்கருணை (திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம்) கொண்டுபோகிறவரிடம் மூட்டையைக் கொடுக்காதீர்கள். அவர் வழியில் எங்கும் நிற்காமல் நேரே போக வேண்டியவர். பை வேறொருவர் கையில் வரட்டும்.

பணத்தை இருவர் எண்ணிக் கையெழுத்திட வேண்டும். கணக்கைப் பெயரில்லாமல் தொகையாக மட்டும் கோயிலில் வாசியுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியலைத் திருத்துங்கள். அதே பெயர்கள் அப்படியே நின்றால் பை மட்டும்தான் போகிறது என்று அர்த்தம். முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்காதவரை இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போக, அன்பியத்தில் படித்த இளையவர் ஒருவரை அப்போதே நியமியுங்கள்.