இடைநிலைப்பள்ளித் திடல்தடப் போட்டியைப் படம்பிடிக்கும் முறை

கோலாலம்பூரில் ஓர் இடைநிலைப்பள்ளியின் போட்டி விளையாட்டைப் படம்பிடிக்கப் போகிறவர், கேமராவைத் துடைத்து வைப்பதற்கும் முன்பாக நிகழ்ச்சி நிரலைக் கையில் வாங்கிவிட வேண்டும். திடலின் ஒரு பக்கம் 100 மீட்டர் தகுதிச் சுற்று நடந்துகொண்டிருக்கும்போதே மறுபக்கம் நீளம் தாண்டுதல் தொடங்கிவிடும். இரண்டிடத்திலும் ஒருவரே நிற்க இயலாது. எந்த நிகழ்ச்சிக்கு எங்கே நின்றால் மாணவரின் முகம் தெரியும் என்பதை முதல் நாளே தீர்மானித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். கால்கள் எவ்வளவு அழகாகப் பாய்ந்திருந்தாலும், முகம் தெரியாத படத்தை எந்தத் தாயும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதில்லை. புறப்பாடத்துக்கு, அதாவது விளையாட்டு முதலிய வகுப்புக்கு வெளியேயான நடவடிக்கைகளுக்குப் பொறுப்பான ஆசிரியரைச் சந்தித்து, படமெடுக்க அனுமதியும், தடத்துக்கு அருகில் எதுவரை செல்லலாம் என்ற விவரமும் பெற்றுக்கொள்ள வேண்டும்.

நம் ஊர் வெயிலுக்குத் தனிக் கவனம் தேவை. கோலாலம்பூரில் ஆண்டின் பெரும்பகுதியில் கடிகாரம் பகல் 1 மணியைத் தாண்டிய பிறகே சூரியன் உச்சிக்கு வருகிறது; ஆகவே காலை 10 மணி வரையிலும் ஒளி சாய்வாக, முகத்துக்கு இதமாக இருக்கும். அதன்பின் கண்குழிகளில் நிழல் இறங்கிவிடும். வெள்ளைப் பனியன், சுண்ணாம்புக் கோடு, வெளிறிய வானம் ஆகியவற்றின் பளிச்சென்ற வெண்மையை அளவாகக் கொண்டு கேமரா படம் முழுவதையும் இருட்டாக்கும்போது, நம் பிள்ளைகளின் மாநிறமும் கருநிறமும்தான் முதலில் அடையாளம் இழக்கின்றன. முகத்தில் மட்டும் ஒளியை அளக்கும் ஸ்பாட் மீட்டரிங் முறையைத் தேர்ந்தெடுங்கள். அல்லது ஒளியளவை மூன்றில் இரண்டு ஸ்டாப் கூட்டி வையுங்கள் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இருமடங்காகும்). பனியன் சற்று வெளுத்துப் போனாலும் போகட்டும், பிள்ளையின் நிறம் உள்ளபடி வர வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. குளிரூட்டிய காரிலிருந்து இறக்கிய கேமராவை உடனே வெளியே எடுத்தால் லென்ஸில் ஈரம் படிந்துவிடும் என்பதால், பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்திருங்கள்.

ஷட்டர் வேகத்தை, அதாவது படமெடுக்கும்போது கேமராவின் ஒளிக்கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதை, ஒரு சிறு கணக்கின் மூலம் புரிந்துகொள்ளலாம். 100 மீட்டரை 12.5 விநாடியில் ஓடும் மாணவன் விநாடிக்குச் சராசரியாக 8 மீட்டர் கடக்கிறான். ஷட்டர் 1/250 விநாடி திறந்திருந்தால் அதற்குள் அவன் 3 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுவான். 1/1000 விநாடி என்றால் அந்த நகர்வு 8 மில்லிமீட்டர்தான். வீசப்படும் கையும் காலும் உடலைவிட விரைவாக நகர்வதால், 1/1000 என்பதைக் கீழெல்லையாகக் கொண்டு, வெளிச்சம் இடம் கொடுத்தால் 1/1600 வரை செல்லலாம். லென்ஸில் ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரை எஃப் 2.8 அல்லது எஃப் 4 என்று அகலமாக வைத்து, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கியாக விட்டுவிடுங்கள். ஓடுகிறவரை விடாமல் தொடரும் குவியமுறை நிக்கான், சோனி கேமராக்களில் ஏ.எஃப்.-சி என்றும், கேனனில் சர்வோ என்றும் இருக்கும். லென்ஸ் ஒன்றே ஒன்று கொண்டுபோக முடியுமானால் தொலைவில் இருப்பவரை அருகில் கொண்டுவரும் 70-200 மி.மீ. ஜூம் லென்ஸை எடுத்துச் செல்லுங்கள்.

விரைவோட்டத்தில் பலரும் முடிவுக்கோட்டில் மட்டும் காத்திருக்கிறார்கள். ‘கெ காரிசான்’ (கோட்டுக்கு வாருங்கள்) என்ற மலாய்க் கட்டளைக்கும் ‘செடியா’வுக்கும் (தயார்) பிறகு, துப்பாக்கி வெடிக்கும் முன் ஒரு கணம் எல்லா முகங்களும் அசைவற்று நிற்குமே, அந்தக் கணத்துக்காகவே ஒரு சுற்றை ஒதுக்கலாம். ஃப்ளாஷ் கூடாது, நடமாட்டமும் கூடாது. முடிவுக்கோட்டுக்கு அப்பால் 15 மீட்டர் தள்ளி, தடத்துக்கு வெளியே முழங்காலிட்டு அமர்ந்தால், ஓடி வருபவர்கள் நேராக உங்களை நோக்கி வருவார்கள். கோட்டைக் கடந்ததும் கேமராவை இறக்கிவிடாதீர்கள். மகிழ்ச்சியும் ஏமாற்றமும் அடுத்த இரண்டு மூன்று விநாடிகளில்தான் முகத்துக்கு வருகின்றன. கடைசியாக வருகிற பிள்ளையும் வந்து சேரும்வரை எடுங்கள்.

4 x 100 மீட்டர் அஞ்சல் ஓட்டத்தில் குறுந்தடியைக் கைமாற்றும் எல்லை 30 மீட்டர் நீளமுடையது. பயிற்சியின்போது எந்த இடத்தில் கைகள் சந்திக்கின்றன என்று பார்த்து வைத்துக்கொண்டால், மூன்றாவது மாற்றத்தில் இருவர் முகமும் ஒரே படத்தில் கிடைக்க வாய்ப்புண்டு. தடை தாண்டும் ஓட்டத்துக்கு ஏதேனும் ஒரு தடையின் மேல் முன்கூட்டியே குவியத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பது நல்லது.

உயரம் தாண்டுதலில் மாணவர்கள் பெரும்பாலும் முதுகைக் கம்பியின் பக்கம் திருப்பித் தாண்டுவதால், ஓடிவரும் பக்கம் நின்றால் உங்களுக்குக் கால்கள்தாம் கிடைக்கும். மெத்தைக்குப் பின்னால் ஒரு ஓரமாக நின்றால் முகம் கிடைக்கும். மெத்தையில் விழுந்தவர், கம்பி நடுங்குகிறதா நிற்கிறதா என்று அண்ணாந்து பார்க்கும் பார்வையும் கிடைக்கும். எனக்கு இந்தப் போட்டியே மிகவும் விருப்பமானது. நடக்கும் இடம் சிறியது என்பதால் கைப்பேசி மட்டும் வைத்திருப்பவரும் இங்கே நல்ல படம் எடுத்துவிடலாம். நீளம் தாண்டுதலுக்கு மணல்குழியின் கோடியில் சற்று விலகித் தாழ்வாக அமருங்கள்.

எறிதல் போட்டிகளில் பாதுகாப்பே முதன்மையானது. குண்டு, வட்டு, ஈட்டி விழும் பரப்புக்குள் எக்காரணம் கொண்டும் நுழையாதீர்கள். எறிபவருக்கு முதுகு காட்டியும் நிற்காதீர்கள். வட்டு எறியும் வளையத்தைச் சுற்றியுள்ள வலை, லென்ஸ் அதிலிருந்து தொலைவில் இருக்கும்போது படத்தில் கட்டம் கட்டமாக விழும். அதற்காக நீங்களாகவே வலையை நெருங்காமல், எறிபவர்கள் எவரும் வளையத்தில் இல்லாத வேளையில் அதிகாரியிடம் கேட்டு, அவர் காட்டும் இடத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

இடைவேளைகளில் மாணவர் அணிகளான சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை இல்லங்களின் கூடாரங்களுக்குச் சென்று வாருங்கள். குரல் கம்மும்வரை கத்தும் தோழிகளும், தோற்றவனின் தலையைத் தடவிக்கொடுக்கும் ஆசிரியரும் அங்கேதான் இருப்பார்கள்.

வீடு திரும்பியதும் மங்கலானவற்றையும், உடை விலகிப் பிள்ளைக்குச் சங்கடம் தரக்கூடியவற்றையும் அன்றிரவே நீக்கிவிடுங்கள். எஞ்சியவற்றைப் பொதுவெளியில் போடாமல் பள்ளியிடம் ஒப்படையுங்கள். எதை வெளியிடலாம் என்பதைப் பெற்றோரிடம் கேட்டுப் பள்ளியே சொல்லட்டும்.