துபாய் வெயிலுக்கு ஒரு பந்தல்: வடிவமைப்பை எங்கிருந்து தொடங்குவது?

துபாயில் வெயில் தணியத் தொடங்கும் நவம்பரில், 2015 முதல் நடந்துவரும் துபாய் டிசைன் வீக் எனும் வடிவமைப்பு விழாவை ஒட்டி, சில நாள்கள் மட்டுமே நின்று பிறகு மறைந்துவிடும் சிறு பெவிலியன்கள் எழுகின்றன. அப்படியொன்றை வடிவமைக்கும் வாய்ப்பு முதன்முறையாகக் கிடைத்த இளம் கட்டடக் கலைஞர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பெவிலியனைப் பந்தல் என்றே சொல்லப் போகிறேன். சில கால்கள், மேலே நிழல், வேலை முடிந்ததும் பிரித்து எடுத்துச் செல்லும் வசதி ஆகிய மூன்றையும் அந்த ஒரே சொல் நமக்கு நினைவூட்டுகிறது. பாலைவன நகரத்தில் சூழலுக்கு இசைந்த கட்டுமானம் என்பதன் பெரும்பகுதி இந்த மூன்றிலேயே அடங்கிவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

வடிவத்தை வரைவதற்கு முன் நிழலை வரையுங்கள். துபாய் ஏறத்தாழ 25 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஜூன் மாத நண்பகலில் சூரியன் அடிவானிலிருந்து 88 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். அப்போது கூரையின் நிழல் கூரைக்கு நேர் கீழேயே விழும். நவம்பர் நடுவிலோ நண்பகல் சூரியனின் உயரம் சுமார் 46 பாகைதான். ஆகவே 4 மீட்டர் உயரத்தில் நிற்கும் கூரையின் நிழல் ஏறத்தாழ 3.8 மீட்டர் வடக்கே தள்ளி விழும். இதைக் கணக்கில் கொள்ளாமல் கூரையின் நடுவே இருக்கைகளைப் போட்டால், அகலம் குறைந்த பந்தலில் அமர்ந்திருப்பவர்கள் முழு வெயிலில் இருப்பார்கள். நிழலோ ஆளில்லாத நடைபாதையில் கிடக்கும். தெற்கு விளிம்பைத் தாழ்த்துவது, அதிலிருந்து ஒரு திரையைத் தொங்கவிடுவது, இருக்கைகளை வடக்கே நகர்த்துவது ஆகியவற்றுள் எது உங்கள் இடத்துக்குப் பொருந்துகிறதோ அதைத் தேர்ந்துகொள்ளுங்கள். மாலை 4 மணிக்குத் தென்மேற்கிலிருந்து தாழ்வாக வரும் வெயிலை எந்தக் கூரையாலும் தடுக்க முடியாது. அதற்குச் செங்குத்தான தடுப்பு வேண்டும். அரபு நாடுகளின் பழைய வீடுகளில் காணும் மஷ்ரபியா எனும் பின்னல் சாளரம், ஒளியை வடிகட்டிக் காற்றை விடுவதால், இங்கு நல்ல முன்மாதிரி.

அடுத்தது கூரையின் அடிப்பக்கம். நிழலில் நின்றாலும் சூடு உறைப்பதற்குக் காரணம், வெயிலில் காய்ந்த ஒற்றைத் தகடு தன் வெப்பத்தைக் கீழே இருப்பவர்கள் மேல் கதிராக வீசுவதுதான். இரண்டு அடுக்குக் கூரை அமைத்து, இடையில் காற்று தடையின்றி ஓடும்படி இடைவெளி விட்டு, மேலடுக்கை வெளிர் நிறத்தில் வைத்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். மேலடுக்கில் சூரியத் தகடுகளை வைக்க விரும்புவோருக்கும் இது பொருந்தும், ஏனெனில் தகடுகள் நன்றாகச் சூடேறுபவை. 2021 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை துபாயில் நடந்த எக்ஸ்போ 2020 உலகக் கண்காட்சிக்காக கிரிம்ஷா நிறுவனம் வடிவமைத்த டெர்ரா அரங்கில், ஏறத்தாழ 130 மீட்டர் அகலமுள்ள விதானம் சூரிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டே கீழுள்ள முற்றத்துக்கு நிழலும் தருகிறது. காட்சிக் கூடங்களில் பெரும்பாலானவை நிலத்துக்கடியில் இருக்கின்றன. ஆனால் அது நிலையாக நிற்கக் கட்டப்பட்டது. ஐந்து நாள் பந்தலுக்குத் தகடுகளை வாங்கி ஏற்றி, புழுதியைத் துடைத்து, மீண்டும் இறக்குவது பெரும்பாலும் காட்சிக்கான செயலாகவே முடிகிறது. மாலை விளக்குகளுக்குத் தேவையான அளவு இருந்தால் போதும்.

காற்றுக்கு அந்த ஊரின் பழைய வீடுகளைப் பாருங்கள். அல் ஃபஹீதி பகுதியில் இன்றும் நிற்கும் பர்ஜீல் எனும் காற்றுக் கோபுரங்கள், தென் ஈரானிலிருந்து வந்து குடியேறிய வணிகர்களோடு துபாய்க்கு வந்தவை. கோபுரத்தின் நான்கு பக்கமும் திறந்திருக்க, உள்ளே குறுக்குச் சுவர்கள் அதை அறைகளாகப் பிரிப்பதால், எந்தத் திசைக் காற்றும் பிடிபட்டுக் கீழே இறங்குகிறது. அதைவிட எளியது அரீஷ்: பேரீச்ச ஓலைகளையும் மட்டைகளையும் அடுக்கிக் கட்டிய கோடைக்கால வீடு. நம் கீற்றுக் கொட்டகையை அறிந்தவர்களுக்கு அதன் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை. சிறு பந்தலுக்குப் பர்ஜீலின் உருவத்தை அலங்காரமாகப் போலச் செய்வதைவிட, அரீஷ் சுவரின் காற்று புகும் தன்மையைக் கற்பதே பயன் தரும் என்று நினைக்கிறேன். பகலில் கடற்காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வருவதால் அந்தப் பக்கத்தை அடைக்காதீர்கள். ஓலையைப் பயன்படுத்துவதானால் தீத்தடுப்பு பூச்சு பற்றி அனுமதி வழங்கும் அலுவலகத்தோடு முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

நீர்த்திவலை தெளிக்கும் குழாய்களை யோசிக்காமல் சேர்க்க வேண்டாம். நீர் ஆவியாகும்போதுதான் குளிர்ச்சி பிறக்கிறது. காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் திவலை ஆவியாகாமல் தோலில் ஒட்டிக்கொள்ளும். கடலிலிருந்து வெகுவாக விலகியிருக்கும் ரியாத் போன்ற நகரத்தில் நன்றாக வேலை செய்யும் ஏற்பாடு, கடலோரத் துபாயின் புழுக்கமான மாலையில் தோற்றுப்போகலாம். மேலும், அங்கே குழாயில் வருவது மின்சாரம் செலவிட்டுக் கடல்நீரிலிருந்து பிரித்த நீர்.

பந்தல் எடை குறைவாக இருப்பது நல்லதுதான், காற்று அதைத் தூக்காத வரை. மணிக்கு 90 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 39 கிலோகிராம் எடைக்குச் சமம். ஆறுக்கு ஆறு மீட்டர் கூரையின் பரப்பு 36 சதுர மீட்டர். முழு அழுத்தமும் மேல்நோக்கி இழுப்பதாகக் கொண்டால் 1.4 டன், ஒன்றரை மடங்கு பாதுகாப்பு சேர்த்தால் 2.1 டன் எடை காலடியில் இருக்க வேண்டும். இதற்காகத் தரையைத் துளைத்துக் கான்கிரீட் ஊற்ற வேண்டாம். காலடிப் பெட்டிகளில் மணலை நிரப்பி, அவற்றின் மேல் இருக்கைப் பலகைகளைப் பொருத்துங்கள். துகள்கள் நுண்ணியவையாகவும் உருண்டையாகவும் இருப்பதால் கான்கிரீட்டுக்கு ஆகாத பாலை மணல், பாரத்துக்குத் தாராளமாகப் போதும். நான் தந்தது முதல் வரைபடத்துக்கான கணக்குதான். இறுதி எண்ணைக் கட்டமைப்புப் பொறியாளர் உறுதிசெய்ய வேண்டும்.

பொருள்களைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, விழா முடிந்த மறுநாள் இது எங்கே போகும் என்பதே. எக்ஸ்போவில் வி8 ஆர்க்கிடெக்ட்ஸ் வடிவமைத்த நெதர்லாந்து அரங்கு, அடித்தள வேலைகளுக்குப் பயன்படும் எஃகுத் தகட்டுத் தூண்களை வாடகைக்கு எடுத்துச் சுவராக நிறுத்தி, பின்னர் கட்டுமானத் தொழிலுக்கே திருப்பிக் கொடுக்கும்படி திட்டமிட்டது. அதே கண்காட்சியின் மொராக்கோ அரங்கு, 33 மீட்டர் உயரத்துக்கு இடித்து இறுக்கிய மண் முகப்பைக் கொண்டது. அதன் அழகில் மயங்கி, சில நாள் பந்தலுக்கு மண்சுவர் எழுப்பிவிடாதீர்கள். அவ்வளவு உழைப்பும் எடையும் நீண்டகாலம் நிற்கும் கட்டடத்துக்கே நியாயமானவை. புதிய பொருள்களில் ஆர்வம் இருப்போர், 2021 வெனிஸ் கட்டடக்கலை பியன்னாலே எனும் பன்னாட்டுக் கண்காட்சியில் தங்கச் சிங்கம் விருது பெற்ற ஐக்கிய அரபு அமீரக அரங்கைப் படிக்க வேண்டும். வாயெல் அல் அவர், கெனிச்சி தெரமோத்தோ ஆகிய கட்டடக் கலைஞர்கள் பொறுப்பேற்ற அந்த அரங்கு, கடல்நீரைக் குடிநீராக்கும்போது மிஞ்சும் உவர்நீரிலிருந்து சிமென்ட்டுக்கு மாற்று காண முயன்றது.

மழை அரிது என்று கூரையைத் தட்டையாக விடாதீர்கள். 2024 ஏப்ரல் 16 அன்று பெய்த மழையில் அமீரகத்தின் அல் ஐன் பகுதியில் ஒரே நாளில் 250 மில்லிமீட்டருக்கு மேல் பதிவானது. துணிக்கூரைக்குச் சரிவு வேண்டும். உப்புக்காற்றுக்கும் குளிர்காலப் பனிக்கும் துருப்பிடிக்காத திருகாணிகள் வேண்டும்.

நவம்பரில் திறக்கும் பந்தலின் வேலை செப்டம்பர், அக்டோபர் வெயிலில் நடக்கிறது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலைக்கு அமீரகத்தில் தடை இருக்கிறது. அந்த நாள்கள் முடிந்த பிறகும் வெயில் கடுமையாகவே இருக்கும். பந்தலின் சட்டகங்களைப் பட்டறையிலேயே முடித்து, களத்தில் திருகாணி முடுக்கும் வேலையை மட்டும் வையுங்கள். களத்தில் கூரையே முதலில் ஏறட்டும். மற்ற வேலைகளைத் தொழிலாளர்கள் அதன் நிழலில் செய்யலாம். அவர்களில் நம் தமிழ்நாட்டுக்காரர்களும் பலர் இருக்கிறார்கள் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. வருபவர்களுக்கு நிழல் தருவதற்கென்று எழுப்பும் ஒன்றை, எழுப்புபவர்களை வெயிலில் நிறுத்திக் கட்டக் கூடாது.

கடைசியாக, பிரிக்கும் வரிசையைக் காட்டும் ஒரு தாளைக் கட்டும் வரைபடங்களோடு சேர்த்தே ஒப்படையுங்கள். ஒவ்வொரு சட்டகத்திலும் அழியாத எண் பொறித்திருக்க வேண்டும். ஒட்டும் பசைக்குப் பதிலாகத் திருகாணி, ஒரே அளவுச் சாவி, இருவர் தூக்கக்கூடிய எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சட்டகம் எந்த வண்டியில் யாரிடம் திரும்புகிறது, காலடி மணல் எங்கே கொட்டப்படுகிறது என்பதையும் பெறுபவரின் ஒப்புதலோடு அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.