தேய்ந்த பிரெட்டுகள்: எலெக்ட்ரிக் கிற்றாரில் எதைத் தேய்ப்பது, எதை மாற்றுவது

திருகோணமலையில் பிரெட் (கிற்றாரின் விரல் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தேய்வதற்கு வாசிப்பு மட்டும் காரணமில்லை. பெரும்பாலான கிற்றார்களில் இருக்கும் பிரெட் கம்பி நிக்கல் சில்வர். பெயரில் வெள்ளி இருந்தாலும் உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். தந்தியோ உருக்கு, அதைவிடக் கடினமானது. உப்புக்காற்றில் தந்தி துருப்பிடித்துச் சொரசொரத்துவிட்டால், ஒவ்வொரு பெண்ட் (தந்தியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதி கூட்டுவது) அடிக்கும்போதும் அது பிரெட்டை அராவுகிறது. உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரையில் சீசன் நேரம் இரவிரவாக வாசிக்கும் கிற்றார்களில் முதல் மூன்று பிரெட்டுகளும், லீட் அடிப்பவருடையதென்றால் 12க்கு மேலே உள்ளவையும் முதலில் பள்ளம் விழும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் தந்தியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைப்பது, துருவேறிய தந்தியை உடனே கழற்றுவது, இந்த இரண்டும் பிரெட்டின் ஆயுளை நன்றாகவே கூட்டும்.

அரம் எடுக்கும் முன்

இரைகிற கிற்றார் எல்லாவற்றிலும் பிரெட் பழுது என்று நினைக்க வேண்டாம். நம் ஊரில் மரமும் அசைகிறது. வாடைக்கால ஈரத்தில் ஊதும், கச்சான் அடிக்கிற மாதங்களில் சுருங்கும். அதோடு நெக்கின் (கிற்றாரின் கழுத்து) வளைவும் மாறும். ஆகவே புதுத் தந்தி போட்டு, சுருதி கூட்டிய பிறகே சோதியுங்கள்.

முதலாம் பிரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, கடைசிப் பிரெட்டில் ஆறாம் (மிகத் தடித்த) தந்தியை அழுத்துங்கள். 7ஆம் அல்லது 8ஆம் பிரெட்டின் முகட்டுக்கும் தந்திக்கும் நடுவே 0.2 முதல் 0.25 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். அளக்க பீலர் கேஜ் போதும். மோட்டார் உதிரிப்பாகக் கடையில், வால்வு இடைவெளி பார்க்க விற்பார்களே, அதுதான். இடைவெளியே இல்லையென்றால், நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டான ட்ரஸ் றொட்டைக் கால் சுற்று தளர்த்தி, சற்றுப் பொறுத்து மறுபடி பாருங்கள். அமெரிக்க கிற்றார்களில் அங்குல அளவுக் கீயும் ஆசியாவில் செய்தவற்றில் பெரும்பாலும் மில்லிமீற்றர் கீயும் வரும். பொருந்தாத கீயை நெருக்கிப் போட்டு ட்ரஸ் றொட் நட்டின் உள்முனையை உருட்டிவிட்டால், பிரெட் வேலையைவிடப் பெரிய வேலை வரும்.

இரைச்சல் எங்கே என்பதே பாதி விடை. திறந்த தந்தியில் மட்டும் இரைந்தால், தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் நட்டின் வெட்டு தாழ்ந்திருக்கிறது. முதல் ஐந்து பிரெட்டுக்குள் எங்கும் இரைந்தால் நெக் பின்பக்கம் வளைந்திருக்கிறது. ஒரே ஓர் இடத்தில் இரைந்தால், அழுத்திய பிரெட்டுக்கு அடுத்தது உயர்ந்து நிற்கிறது. அந்த அடுத்த பிரெட்டின் முனையை நகத்தால் அமுக்கிப் பாருங்கள். அசைந்தால் அது காடியிலிருந்து கிளம்பியிருக்கிறது. மெல்லிய சூப்பர் குளூ ஒரு துளியை ஊசிமுனையால் உள்ளே விட்டு, மரத்துண்டு வைத்துக் கவ்வி இறுக்கினால் வேலை முடிந்தது. தேய்க்கவே தேவையில்லை.

பெண்ட் அடிக்கையில் தந்தி ஏதோ படியில் தட்டுவதுபோல் இருந்தால், அது பள்ளம். வேர்னியரின் ஆழம் பார்க்கும் முனையால் பலகையிலிருந்து பிரெட்டின் உயரத்தை அளவுங்கள். புது மீடியம், ஜம்போ பிரெட்டுகளில் சிலது 1.4 மி.மீ. வரை உயரமாக இருக்கும், பழைய பாணிச் சிறிய கம்பி ஏறக்குறைய 1.1. பள்ளத்தின் அடியில் 0.8 மி.மீ. மிஞ்சினால் சமப்படுத்தலாம். அதற்குக் கீழே போனவற்றை மாற்றுங்கள். இரண்டு மூன்று பிரெட் மட்டும் ஆழமாகப் போயிருந்தால், அந்த மூன்றுக்காக 22 பிரெட்டையும் தேய்த்துத் தாழ்த்துவது நட்டக் கணக்கு. அந்த மூன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றின் உயரத்துக்கு இறக்குவதுதான் சரி.

சமப்படுத்தல்

கண்ணாடிக் கடையில் 10 மி.மீ. தடிப்புக் கண்ணாடியை 40 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலத்தில் வெட்டி, ஓரங்களை மழுக்கித் தரச் சொல்லுங்கள். மேசன்மார் பாவிக்கும் அலுமினிய மட்டக்கோலைவிட இது நம்பகமானது. ஒரு பக்கத்தில் இரட்டைப் பக்க ஒட்டு டேப்பால் 320 இலக்கச் சான்ட் பேப்பரை ஒட்டுங்கள்.

தந்திகளைக் கழற்றி, பிக்கப்புகளை (தந்தியின் ஒலியைப் பிடிக்கும் காந்தச் சுருள்கள்) மாஸ்கிங் டேப்பால் முழுதாக மூடுங்கள். பிக்கப்பின் காந்தம் உலோகத் தூளை இழுத்துக்கொள்ளும், பிறகு எடுப்பது பெரும்பாடு. பலகையையும் பிரெட்டுகளுக்கு இடையே டேப்பால் மூடுங்கள். இனி நெக்கை நேராக்க வேண்டும். தேய்ந்த முகடுகளின் மேல் மட்டக்கோல் வைத்தால் பொய் சொல்லும். ஆகவே வெளித் தந்திக்கும் பலகை ஓரத்துக்கும் இடையில், தந்தியே படாத அந்தக் குறுகிய இடத்தில் வைத்துப் பார்த்து, ட்ரஸ் றொட்டால் நேராக்குங்கள். அங்கேதான் பிரெட்டின் பழைய உயரம் அப்படியே இருக்கும்.

எல்லாப் பிரெட்டின் முகட்டிலும் மாக்கர் பேனையால் ஒரு கோடு இடுங்கள். கண்ணாடியைத் தன் பாரத்திலேயே, நீளவாட்டில், தந்திகள் விரிந்து போகும் கோட்டிலேயே தள்ளுங்கள். ஆறு தந்திப் பாதையிலும் ஒரே எண்ணிக்கையில் தேய்க்காவிட்டால் பலகையின் குறுக்கு வளைவு கெட்டு, ஒரு ஓரம் தட்டையாகும். கையால் அமுக்கினாலும் நெக் கீழே வளைந்து, நடுப்பகுதி தப்பிவிடும். மாக்கர் எல்லா இடத்திலும் மறைந்து, ஆழமான பள்ளத்தின் அடியும் அழியும் வரை மட்டும் தேயுங்கள். ஒரு முறை தேய்த்த உலோகம் திரும்பி வராது, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துங்கள்.

நெக்கும் உடலும் சேரும் இடத்துக்கு மேலே பலகை சற்று மேலெழுந்திருப்பது வழக்கம். அதற்கு 12ஆம் பிரெட்டில் இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, அதில் கண்ணாடியின் ஒரு முனையை ஊன்றிக்கொண்டு கடைசிப் பிரெட்டுகளை மட்டும் சற்றுக் கூடுதலாகத் தேயுங்கள்.

இப்போது முகடுகள் தட்டையாக இருக்கும். இப்படியே விட்டால் தந்தி பிரெட்டின் நடுவில் படாமல் முன்விளிம்பில் பட்டு, சுருதி பிசகும், சிதார் போல இரையும். மறுபடி மாக்கர் பூசி, முகட்டை வளைவாக்கும் கிரவுனிங் அரத்தால் இரு தோள்களையும் தேய்த்து வாருங்கள். உச்சியில் தலைமுடி அளவு மாக்கர் கோடு மிஞ்சும்போது நிறுத்த வேண்டும். அந்தக் கோடும் போய்விட்டால் அந்தப் பிரெட் தாழ்ந்துவிட்டது, மற்ற எல்லாவற்றையும் மீண்டும் இறக்க வேண்டிவரும். பிறகு 600, 800, 1000, 2000 இலக்கச் சான்ட் பேப்பர் என்று படிப்படியாகத் தந்தியின் திசையில் மெருகேற்றுங்கள். இடையில் ஒரு படியைத் தாண்டினால் முந்திய கீறல் பெண்ட் அடிக்கையில் கேட்கும்.

மாற்றுதல்

பிரெட் கம்பி ஊரில் கிடைக்காவிட்டால், கொழும்பிலிருந்தோ இணையத்திலோ எடுக்கும் முன் மூன்று அளவுகள் கையில் இருக்க வேண்டும்: முகட்டின் அகலம், உயரம், காடிக்குள் இறங்கும் நாக்கின் தடிப்பு. பொதுவாக நாக்கு 0.5 மி.மீ. சுற்றி, காடி 0.58 மி.மீ. சுற்றி இருக்கும். நாக்கில் உள்ள சிறு பற்களே மரத்தைக் கவ்விக்கொள்ளும். 22 பிரெட்டுக்கு, ஒவ்வொன்றும் சராசரி 65 மி.மீ. என்று வைத்தால் 1.43 மீற்றர் வேண்டும். 60 செ.மீ. துண்டு மூன்று எடுத்தால் வீணாவதற்கும் இடம் இருக்கும். கடலருகே இருப்பவர்களுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆசை வரும். பச்சை பிடிக்காது, தேய்வதும் குறைவு. ஆனால் அது அரத்தையும் குறட்டையும் தின்றுவிடும். முதல் முறை செய்பவர் நிக்கல் சில்வரிலேயே தொடங்கட்டும்.

பலகையின் வளைவு ஆரத்தையும் அறிய வேண்டும். பழைய பென்டர் (Fender) கிற்றார் 7.25 அங்குலம், அண்மைக்காலப் பென்டர் பெரும்பாலும் 9.5, கிப்சன் 12. கம்பியைப் பலகையைவிடச் சற்றுக் கூடுதலாக வளைக்க வேண்டும், 9.5 பலகைக்கு 8 அளவில். அப்போதுதான் முனைகள் முதலில் மரத்தைத் தொட்டு, பின் நடு இறங்கும்போது இழுவையில் நிற்கும். தட்டையாக அடித்த பிரெட் சில மாதத்தில் முனை கிளம்பும்.

பழையதைக் கழற்ற, 40 வாட் சோல்டரிங் அயனின் முனையில் சிறிது ஈயம் வைத்து, பிரெட்டின் மேல் மெதுவாக ஓட்டிச் சூடாக்குங்கள். சூடு பழைய பசையை இளக்கும், மரநார் பெயர்வதும் குறையும். உள்ளே சூப்பர் குளூ இருந்தால் புகை கண்ணைக் கரிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். முகத்தைத் தட்டையாகத் தீட்டிய குறட்டை ஒரு முனையில் நுழைத்து, கம்பியை மேலே இழுக்காமல், சிறிது சிறிதாகக் கவ்விக் கவ்வி மறுமுனைக்கு நகருங்கள். மேப்பிள் பலகையில் வார்னிஷ் பிரெட்டின் மேலும் ஏறியிருக்கும். முதலில் கத்தியால் இரு பக்கமும் கோடு கீறாவிட்டால் வார்னிஷ் தகடு தகடாகப் பெயரும். பெயர்ந்த மரச்சில்லை எறியாதீர்கள், அதே இடத்தில் வைத்து ஒட்டலாம்.

காடியிலுள்ள பசையையும் தூளையும் மெல்லிய கொக்கி முனையால் கிளறுங்கள். சாதாரண ஹாக்சோ பிளேட் வேண்டாம், அதன் பல்விரிவு காடியை அகலமாக்கிவிடும், பிறகு நாக்கு பிடிக்காது. காடி நாக்கைவிட அரை மில்லிமீற்றராவது ஆழமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பிரெட் அடியில் தட்டி முழுதாக உட்காராது.

நெக்கின் அடியில் உலர்மணல் நிரப்பிய சிறு பையை வைத்து, பித்தளை அல்லது நைலோன் தலைச் சுத்தியலால் முதலில் இரு முனைகளையும், பின் நடுவையும் தட்டுங்கள். சத்தம் கணீரென்று கேட்டால் உட்கார்ந்துவிட்டது. பொத்தென்று கேட்டால் அடியில் வெற்றிடம் இருக்கிறது. ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் முனை மேலே எழும், கம்பியும் நெளியும். நாக்கு மிகத் தடிப்பாக இருந்து 22 பிரெட்டும் நெருக்கி இறங்கினால், ஆப்பு அடித்ததுபோல் நெக்கே பின்னால் வளையும். அப்படி இறுகினால் நாக்கின் பற்களைச் சிறிது அராவி இறக்குங்கள். தளர்வாக இருந்தால் மெல்லிய பசை போதும்.

வெளியே நிற்கும் நுனிகளை வெட்டி, பலகை ஓரத்துடன் சமமாக அராவி, சுமார் 35 பாகை சாய்வு கொடுங்கள். இந்த ஓர வேலையைக் கச்சான் காலத்தில் செய்வது நல்லது. மழைக்காலத்தில் சமமாக்கிய நுனி, மரம் சுருங்கியதும் வெளியே நீட்டி உள்ளங்கையைக் கீறும். பிறகு மேலே சொன்ன சமப்படுத்தலைப் புதுப் பிரெட்டுகளுக்கும் செய்யுங்கள். புதிதாக அடித்தது எதுவும் தானாகச் சமமாக நிற்காது.

கடைசியில் நட்டைப் பாருங்கள். உயரமான கம்பி போட்டிருந்தால் பழைய நட்டின் வெட்டுகள் தாழ்வாகிப் போய், திறந்த தந்திகள் முதலாம் பிரெட்டில் தட்டும். மூன்றாம் பிரெட்டில் தந்தியை அழுத்தியபோது முதலாம் பிரெட்டின் மேல் மெல்லிய தாள் நுழையும் இடைவெளி இல்லையென்றால் நட்டையும் மாற்ற வேண்டும். தந்தி பூட்டி, சுருதி கூட்டி, ஓரிரவு விட்டு, மறுநாள் நெக்கின் குழிவை (தொடக்கத்தில் அளந்த 0.2 முதல் 0.25 மி.மீ. இடைவெளி) மீண்டும் அளந்து, அதன் பிறகே, உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் தந்தி உயரத்தை 12ஆம் பிரெட்டில் 1.6 முதல் 2 மி.மீ.க்குள் வையுங்கள்.