லிமொன்செல்லோ ஸ்பிரிட்ஸில் நாம் சொதப்பும் இடங்கள்

முதன்முறை வீட்டில் லிமொன்செல்லோ ஸ்பிரிட்ஸ் கலந்து கொடுத்தபோது, வந்திருந்த நாலு பேரில் மூன்று பேர் பாதி கிளாஸோடு நிறுத்திக்கொண்டார்கள். நாலாவது நண்பர் முழுவதையும் குடித்துவிட்டு சோபாவிலேயே தூங்கிப்போனார். "ஜூஸ் மாதிரி இருக்கும்னு சொன்னியேப்பா" என்று மறுநாள் போனில் கேட்டார். லிமொன்செல்லோ என்பது இத்தாலியின் எலுமிச்சை லிக்கர், அதாவது இனிப்பான மது. அதோடு நுரைக்கும் ஒயினும் சோடாவும் சேர்த்தால் ஸ்பிரிட்ஸ். வெயில்கால மாலைக்கு லேசாக ஒரு பானம் என்று நினைத்துச் செய்தது. அது திகட்டத் திகட்ட இனிப்பாகவும், தலையைச் சுற்ற வைப்பதாகவும் வந்து சேர்ந்ததற்குக் காரணம் ஒரு கணக்கு: 3-2-1.

அப்பெரோல் என்ற கசப்பு கலந்த ஆரஞ்சு லிக்கரில் செய்யும் ஸ்பிரிட்ஸ் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். புரொசெக்கோ என்ற இத்தாலிய ஸ்பார்க்ளிங் ஒயின் மூன்று பங்கு, அப்பெரோல் இரண்டு பங்கு, சோடா ஒரு பங்கு. அப்பெரோலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் லிமொன்செல்லோவை ஊற்றினால் வேலை முடிந்தது என்று நானும் நினைத்தேன். இரண்டும் இத்தாலி, இரண்டும் லிக்கர், இரண்டிலும் ஆரஞ்சு, எலுமிச்சை வகையறா வாசம். என்ன வித்தியாசம் இருந்துவிடப் போகிறது?

நிறையவே இருக்கிறது. 1919-இல் வட இத்தாலியின் படுவா நகரத்தில் அறிமுகமான அப்பெரோலில் ஆல்கஹால் 11 சதவீதம்தான். கிட்டத்தட்ட ஒயின் அளவு. லிமொன்செல்லோவில் பெரும்பாலும் 25 முதல் 32 சதவீதம் வரை இருக்கும். 60 மில்லி அப்பெரோலும் 90 மில்லி புரொசெக்கோவும் 30 மில்லி சோடாவும் சேர்ந்தால் கிளாஸில் 9 சதவீதம் ஆல்கஹால். அதே அளவில் 30 சதவீத லிமொன்செல்லோவை ஊற்றினால் 15 சதவீதத்தைத் தாண்டிவிடும். சாதாரண ஒயினைவிட அதிகம். அமெரிக்காவில் ஒரு டிரிங்க் என்று கணக்கு வைப்பது 14 கிராம் ஆல்கஹாலை. இந்த ஒரு கிளாஸில் 22 கிராம் இருக்கிறது. நண்பர் தூங்காமல் என்ன செய்வார்?

சர்க்கரைக் கணக்கு இன்னும் மோசம். லிமொன்செல்லோவில் லிட்டருக்கு 250 கிராம் சர்க்கரை இருப்பது சாதாரணம். 60 மில்லி ஊற்றினால் 15 கிராம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அள்ளிப் போட்ட மாதிரி. அப்பெரோலும் இனிப்புதான், ஆனால் அதில் ஜென்ஷியன் வேர், சிங்கோனா மரப்பட்டை போன்றவற்றின் கசப்பு இருப்பதால் இனிப்பு அடங்கித் தெரியும். லிமொன்செல்லோவில் இனிப்பைத் தட்டிக் கேட்க ஆளே இல்லை.

நம் ஊர்ப் பாஷையில் சொன்னால், ஸ்பிரிட்ஸுக்கு லிமொன்செல்லோ ஒரு ஸ்மால் போதும், லார்ஜ் வேண்டாம். நான் இப்போது கலக்கும் அளவு இது: லிமொன்செல்லோ 30 மில்லி, புரொசெக்கோ 90 மில்லி, சோடா 60 மில்லி. பார்த்தால் அதே 3-2-1தான், கடைசி இரண்டும் இடம் மாறிவிட்டன, அவ்வளவே. ஆல்கஹால் பத்தரை சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதுவும் ஒயினை ஒட்டிய அளவுதான் என்பதை மறக்க வேண்டாம். லேசான பானம் என்பது நாக்கு சொல்வது. வண்டி ஓட்டப் போகிறவர்கள் அதை நம்பக் கூடாது.

சோடாவைக் கூட்டினால் பானம் நீர்த்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். ஸ்பிரிட்ஸ் என்பதே நீர்க்கச் செய்த ஒயின். 19-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியின் வெனிட்டோ பகுதி ஆஸ்திரியாவின் கையில் இருந்தபோது, அங்கே வந்த படையினருக்கு உள்ளூர் ஒயின் கொஞ்சம் தூக்கலாகப் பட்டதாம். தண்ணீர் தெளித்துத் தரச் சொன்னார்களாம். தெளிப்பதற்கு ஜெர்மன் சொல் ஷ்ப்ரிட்ஸன். அந்தப் பெயர்தான் நின்றுவிட்டது என்று சொல்வார்கள். எனவே சோடாவில் கஞ்சத்தனம் காட்டுவது பெயருக்கே ஒத்துவராது. ஆனால் சோடா என்றால் வெறும் சோடா. டானிக் வாட்டரிலும் சர்க்கரை இருக்கிறது. எலுமிச்சை சுவை சேர்த்த கூல் டிரிங்க் ஊற்றினால் பாயசத்துக்கு மேல் தேன் ஊற்றிய கதை. ஒருமுறை சோடா தீர்ந்துபோய், பெட்டிக்கடையில் கிடைத்த பன்னீர் சோடாவை ஒருவர் ஊற்றிவிட்டார். கல்யாண வீட்டு வரவேற்பு மேஜை மாதிரி மணத்தது.

புளிப்பு இருக்கும் என்று நம்புவது

எலுமிச்சை லிக்கர் என்றதும் புளிக்கும் என்று எதிர்பார்க்கிறோம். லிமொன்செல்லோவில் சாறு கிடையாது. எலுமிச்சையின் மஞ்சள் தோலை மட்டும் மெலிதாகச் சீவி, காட்டமான ஆல்கஹாலில் நாள்கணக்கில் ஊறவைத்து, வடிகட்டி, சர்க்கரைப் பாகு சேர்ப்பார்கள். தோலில் இருப்பது வாசனை எண்ணெய், புளிப்பு இருப்பது சாற்றில். ஆகவே லிமொன்செல்லோ மணக்கும், இனிக்கும், புளிக்காது.

இந்தப் புளிப்புக் குறையைப் புரொசெக்கோ ஓரளவுதான் ஈடுகட்டும். பிழிந்த எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன், அதிகம் போனால் இரண்டு, கிளாஸில் சேர்த்துப் பாருங்கள். பானமே நிமிர்ந்து உட்காரும். இத்தாலியில் பலர் இதைச் செய்வதில்லை, நான் விடாமல் செய்கிறேன். நம் ஊர் சிறு எலுமிச்சையின் சாறு இதற்கு அருமை.

ஆனால் அதே சிறு எலுமிச்சையின் தோலை வைத்து வீட்டிலேயே லிமொன்செல்லோ போடக் கிளம்பினால் ஏமாற்றம்தான். நாம் எலுமிச்சை என்று சொல்வது பெரும்பாலும் லைம் வகை. தோல் மெல்லிசு, வாசமும் வேறு. தெற்கு இத்தாலியின் சொரெண்டோ, அமால்ஃபி கடற்கரை மலைச்சரிவுகளில் விளைவது லெமன். தோல் தடிப்பாக, எண்ணெய் நிறைந்து இருக்கும். அந்த இரண்டு ஊர் எலுமிச்சைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு உண்டு.

வீட்டுத் தயாரிப்பில் இன்னொன்று, இது விளையாட்டு இல்லை. இத்தாலியில் லிக்கர் போடுவதற்கென்றே 95 சதவீத ஆல்கஹாலை சூப்பர் மார்க்கெட்டில் விற்கிறார்கள். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, இங்கே கிடைக்கிற டிநேச்சர்ட் ஸ்பிரிட், சர்ஜிகல் ஸ்பிரிட், ஆய்வுக்கூட ஸ்பிரிட் எதையும் தொடக் கூடாது. குடிக்கக் கூடாது என்பதற்காகவே அவற்றில் நச்சு கலக்கிறார்கள். மெத்தனால் இருந்தால் கண் போகும், உயிரும் போகும். வீட்டில் போட்டே ஆக வேண்டும் என்றால் கடையில் சீல் வைத்து விற்கும் வோட்காவில் ஊறவைக்கலாம். மணம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

தோல் சீவும்போது உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியும் சேர்ந்து வந்தால் கசக்கும். அது அப்பெரோலின் கசப்பு மாதிரி ரசிக்கத்தக்கது இல்லை, மருந்துக் கசப்பு.

பாட்டிலைப் படிக்காமல் வாங்குவது

என் இரண்டாவது சொதப்பல் இது. அழகான பாட்டில், வெளிர் மஞ்சள் நிறம், பெயரில் லிமொன்செல்லோ இருந்தது. அதற்கு முன்னால் இருந்த 'கிரெமா' என்ற சின்னச் சொல்லை நான் கவனிக்கவில்லை. பாலும் கிரீமும் சேர்த்த வகை அது. தனியாகச் சில்லென்று குடிக்க நன்றாகவே இருக்கும். அதன்மேல் புரொசெக்கோவை ஊற்றினேன். ஒயினின் புளிப்பு பட்டதும் கண்ணெதிரே பால் திரிந்து, கிளாஸ் முழுக்கத் துணுக்குத் துணுக்காக மிதந்தது. விருந்தாளிகள் முன்னால் பன்னீர் தயாரித்த பெருமை எனக்கு உண்டு.

ஆனால் சாதாரண லிமொன்செல்லோவில் சோடா பட்டதும் லேசாகக் கலங்கினால் பதற வேண்டாம். கெட்டுப்போனது இல்லை. ஆல்கஹாலில் கரைந்திருந்த தோல் எண்ணெய், தண்ணீர் கூடும்போது கரைய இடமின்றி நுண்துளிகளாகப் பிரிந்து நிற்கிறது. ஊசோ என்ற கிரேக்க மதுவில் தண்ணீர் விட்டால் பால்போல ஆவதும் இதே காரணத்தால்தான். அந்தக் கலங்கல் உள்ளே நிஜ எலுமிச்சை எண்ணெய் இருப்பதற்கு நல்ல அறிகுறி. கண்ணைப் பறிக்கும் பளீர் மஞ்சளைப் பார்த்தால்தான் நான் பாட்டிலைத் திருப்பி, நிறமியும் எசன்ஸும் சேர்த்திருக்கிறார்களா என்று படிப்பேன்.

புரொசெக்கோ லேபிளில் ஒரு பொறி இருக்கிறது. 'எக்ஸ்ட்ரா டிரை' என்று போட்டிருந்தால் இனிப்பே இருக்காது என்று தோன்றும். நடப்பில் 'புரூட்' அதைவிட இனிப்புக் குறைவு. புரூட்டில் லிட்டருக்கு 12 கிராம் வரை சர்க்கரை, எக்ஸ்ட்ரா டிரையில் 12 முதல் 17 வரை, வெறும் 'டிரை' என்றால் 17 முதல் 32 வரை. பெயருக்கும் சுவைக்கும் சம்பந்தமே இல்லை. லிமொன்செல்லோ கொண்டுவரும் இனிப்பே போதும், புரூட் எடுங்கள். 'ஸ்புமான்டே' என்றால் நுரை வலுவாக இருக்கும், 'ஃப்ரிட்ஸான்டே' மெதுவானது, சோடா சேர்ந்ததும் அடங்கிவிடும். புரொசெக்கோ கிடைக்கவில்லை என்றால் ஸ்பெயினின் காவா, நாசிக் பக்கம் தயாராகும் புரூட் வகை ஸ்பார்க்ளிங் ஒயின் எதுவும் சரிதான். ஷாம்பெயினை இதில் ஊற்றுவது பட்டுப்புடவையால் மேஜை துடைக்கிற வேலை.

ஐஸ், ஊற்றும் வரிசை, கரண்டி

ஐஸைக் குறைத்தால் தண்ணீர் குறையும் என்று நினைப்பது பொதுவான தவறு. இரண்டே கட்டி போட்டால் அவை வேகமாகக் கரைந்து, பானம் சூடாகவும் சப்பென்றும் ஆகிவிடும். பெரிய ஒயின் கிளாஸ் நிறைய, விளிம்பு வரை பெரிய கட்டிகளாகப் போடுங்கள். ஒன்றையொன்று குளிராக வைத்துக்கொள்ளும், மெதுவாகவே கரையும். நொறுக்கிய ஐஸ் வேண்டவே வேண்டாம். ஃப்ரீசரில் மீனுக்குப் பக்கத்தில் ஒரு மாதம் கிடந்த ஐஸும் வேண்டாம். இவ்வளவு மென்மையான பானத்தில் மீன் வாடை முதல் வாயிலேயே தெரியும்.

ஐஸை மட்டும் நம்பியும் பயனில்லை. மூன்று பாட்டிலும் ஏற்கனவே குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த திரவத்தில்தான் வாயு தங்கும். சூடான சோடாவைத் திறந்தால் பொங்கி வழிவதைப் பார்த்திருப்பீர்கள், அதே விஷயம்தான். புரொசெக்கோவும் சோடாவும் ஃப்ரிட்ஜில் சில மணி நேரமாவது இருக்கட்டும். 30 சதவீத லிமொன்செல்லோவை நேராக ஃப்ரீசரிலேயே வைக்கலாம். ஆல்கஹாலும் சர்க்கரையும் சேர்ந்து அதை உறையவிடாது, பாகுபோல் கொஞ்சம் கெட்டியாகும், அவ்வளவுதான்.

கெட்டியானது என்பதால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். முதலில் லிமொன்செல்லோ, மேலே மற்றதெல்லாம் என்று ஊற்றினால், ஸ்ட்ரா வைத்துக் குடிப்பவருக்கு முதல் உறிஞ்சில் வெறும் பாகு, கடைசியில் வெறும் சோடா. ஐஸ், அதன்மேல் புரொசெக்கோ, பிறகு லிமொன்செல்லோ, எலுமிச்சைச் சாறு, கடைசியாக சோடா. கனமானது மேலிருந்து கீழே இறங்கும்போது தானே கலந்துகொண்டு போகும். புரொசெக்கோவை ஊற்றும்போது கிளாஸைச் சாய்த்துப் பிடியுங்கள். டீக்கடை மாஸ்டர் மாதிரி உயரத்திலிருந்து ஆற்றினால் வாயு மொத்தமும் காற்றோடு போகும். எல்லாம் ஊற்றியதும் நீளக் கரண்டியை அடிவரை விட்டு ஒருமுறை மெல்லத் தூக்குங்கள். சுழற்றிச் சுழற்றிக் கலக்குவதும், ஷேக்கரில் போட்டுக் குலுக்குவதும் வேண்டாம். ஷேக்கரில் ஸ்பார்க்ளிங் ஒயினைக் குலுக்கியவர் வீட்டுக் கூரையில் இன்னும் கறை இருக்கிறது. யார் வீடு என்று கேட்காதீர்கள்.

அலங்காரத்துக்குப் புதினா வைப்பார்கள், சிலர் பேசில் இலை. துவையலுக்கு இடிப்பதுபோல இடித்தால் பச்சிலைக் கசப்பு இறங்கும். உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டினால் போதும். எலுமிச்சைத் தோல் வைப்பதானால், முதலில் வெந்நீரில் தேய்த்துக் கழுவுங்கள். தொலைவிலிருந்து வரும் பழங்களுக்கு மெழுகு பூசியிருப்பார்கள்.

வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள். லிமொன்செல்லோவைத் தனியாகச் சாப்பாட்டுக்குப் பிறகு சின்னக் கிளாஸில் குடிப்பது தெற்கு இத்தாலி வழக்கம். ஸ்பிரிட்ஸ் சாப்பாட்டுக்கு முன்னால் குடிப்பது, அதனால் வயிறு காலியாக இருக்கும். ஆலிவ், உருளைக்கிழங்கு சிப்ஸ், வறுத்த கடலை என்று உப்பாக ஏதாவது சைட் டிஷ் இருந்தால் இனிப்புக்கும் நல்ல ஜோடி.

மிச்சம் வைப்பதில்தான் ஒரு சிக்கல். லிமொன்செல்லோ ஃப்ரீசரில் மாதக்கணக்கில் இருக்கும். திறந்த புரொசெக்கோ அப்படி இல்லை. பாட்டில் வாயில் வெள்ளிக் கரண்டியைச் செருகி வைத்தால் வாயு போகாது என்று ஒரு நம்பிக்கை உண்டு, அது வெறும் நம்பிக்கைதான். ஸ்பார்க்ளிங் ஒயினுக்கென்று விற்கும் இறுக்கமான மூடி போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் வரை தாக்குப்பிடிக்கும். அதைவிட, ஆள் கணக்குப் பார்த்துத் திறப்பது நல்லது. 750 மில்லி பாட்டிலில் 90 மில்லி வீதம் எட்டு கிளாஸ் வரும், நாலு பேருக்கு ஆளுக்கு இரண்டு. போன மாதம் அதே நாலு பேர்தான் வந்திருந்தார்கள். பாட்டில் காலியானதும் டாக்ஸி பிடித்துக் கிளம்பினார்கள். சோபாவில் யாரும் இல்லை.